‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு வந்தவள் எழுதும் மடல்

தேசியக் குடும்ப நல ஆய்வை வடிவமைத்து நடத்தும் மும்பை பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தாருக்கும், அதற்குப் பொறுப்பான ஒன்றிய சுகாதார, குடும்ப நல அமைச்சகத்தாருக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் ஆய்வில் வேலை பார்த்தவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போனது வேறொரு சர்வேக்கு, ஒரு தனியார் ஏஜென்சி எடுத்தது. ஆனால் கணவன் செய்யும் வன்முறை பற்றிய பகுதியில் இருந்த கேள்விகள் ஏறக்குறைய உங்களுடையவைதான். தள்ளினாரா, உலுக்கினாரா, எதையாவது தூக்கி எறிந்தாரா. அறைந்தாரா. கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா. குத்தினாரா. உதைத்தாரா, இழுத்துப்போட்டு அடித்தாரா. கழுத்தை நெரித்தாரா, சூடு வைத்தாரா. கத்தியைக் காட்டி மிரட்டினாரா. இந்த ஏழும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நாலு மாதம் வீடு வீடாகப் போய் இவற்றைக் கேட்டேன். பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் குறித்துக்கொண்டு வந்தேன். அந்த ‘இல்லை’களைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஓட்டு வீடு, சாணி மெழுகிய வாசல். திண்ணையில் மாமியார் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பேச வேண்டியது மருமகளிடம். இருபத்தாறு வயது இருக்கும். தனிமை கிடைக்காமல் இந்தப் பகுதியைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி, உங்கள் விதியும் அதுதான். மாமியாரை எப்படி எழுப்புவது? குடிக்கத் தண்ணீர் கேட்கச் சொல்லிப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்டேன். அவர் உட்கார்ந்தபடியே மருமகளை எடுத்துவரச் சொன்னார். தண்ணீர் வந்தது, குடித்தேன், மறுபடி மூன்று பேரும் அங்கேயே இருந்தோம். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் தானாகவே, “சரி, நீங்க பேசுங்க” என்று முறத்தோடு எழுந்து எதிரே புளியமரத்தடிக்குப் போய்விட்டார்.

ஏழு கேள்விக்கும் ‘இல்லை’. ஒவ்வொரு ‘இல்லை’யும் நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே வந்தது. நன்றி சொல்லி, பதில்களைக் குறிக்கும் டேப்லெட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

“யக்கா, கோவத்துல ரெண்டு வைப்பாரு. அதெல்லாம் இதுல வராதில்ல?”

நான் டேபை மறுபடி எடுக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “எழுதாதக்கா. அவரு அடிக்கிறவரு இல்ல.” அவள் இடது கையில் கண்ணாடி வளையல் ஒரு டஜன் இருந்தது. வலது கையில் மூன்றுதான். நான் பார்ப்பதைக் கவனித்ததும் முந்தானையை அந்தக் கை மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவள் என்னிடம் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ‘அடிக்கிறவர்’ என்று அவள் தெருவில் ஓர் ஆள் இருக்கிறான். குடித்துவிட்டு வந்து, பெண்டாட்டியை முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்து, ஊரே பார்க்க மிதிப்பவன். அவனோடு ஒப்பிட்டால் அவள் கணவர் அடிக்கிறவர் இல்லைதான். அவள் எழுத வேண்டாம் என்றாள், நான் எழுதவில்லை. அவள் சம்மதம் இல்லாமல் எழுதியிருந்தால் தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த ‘இல்லை’ போய் ஏதோ ஒரு சதவீதத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. அதை வைத்து யாரோ ஒரு கூட்டத்தில் பேசியிருப்பார்கள்.

அன்றைக்கு ராத்திரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘ரெண்டு வைப்பாரு’ என்று எழுதிவைத்தேன். அதிலிருந்து பெண்கள் வாயில் வந்த சொற்களை எல்லாம் எழுத ஆரம்பித்தேன். கை நீட்டுவார். கை ஓங்குவார். தட்டுவார். ஒண்ணு விடுவார். சாத்துவார். மொத்துவார். போட்டு வெளுப்பார். மிதிப்பார். ‘வன்முறை’ என்ற சொல்லை அந்த நாலு மாதத்தில் ஒரு பெண் வாயிலிருந்தும் நான் கேட்கவில்லை. ‘உடல்ரீதியாக’ என்று நான் வாசிக்கும்போது அவர்கள் முகம், பேங்க் படிவத்தைப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும்.

நீங்கள் கேட்கும் முறையில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ‘உங்களுக்குக் கொடுமை நடக்கிறதா’ என்று மொட்டையாகக் கேட்டால் எந்தப் பெண்ணும் ஆமாம் என்று சொல்லப் போவதில்லை. அறைந்தாரா, உதைத்தாரா என்று செயலைச் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும். 1979-ல் மரே ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் போட்டுக்கொடுத்த அளவுகோலை வைத்து, அதைத் திருத்தி, 2005-06-ல் நடந்த மூன்றாம் சுற்றிலிருந்து முழுப் பகுதியாகவே கேட்டு வருகிறீர்கள். அந்த வழி சரியான வழி. நான் கேட்பது, அந்தச் செயலுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் வைத்திருக்கும் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள் என்பதுதான். ‘அறைந்தாரா’ என்பதோடு, ‘கோபத்தில் ஒன்று விட்டாரா, ரெண்டு வைத்தாரா, கை நீட்டினாரா’ என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே, ‘விளையாட்டுக்கோ கோபத்துக்கோ, ஒரு தடவை என்றாலும் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி. போளூரில் ஒரு சொல் என்றால் கம்பத்தில் வேறு சொல், நாகர்கோவிலில் இன்னொன்று. ஒரே தமிழ்க் கேள்வித்தாளை மாநிலம் முழுக்க அனுப்பி, எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் காதில் விழும் என்று எண்ணிவிடக் கூடாது.

படுக்கையறை பற்றிய கேள்வியில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. விருப்பமில்லாதபோது பலவந்தமாக உடலுறவு கொண்டாரா என்று நான் வாசித்தால், பெண்கள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்பார்கள். அதே பெண் பேச்சுவாக்கில், “உடம்பு முடியலன்னாலும் தொந்தரவு பண்ணுவாரு” என்பாள். ‘தொந்தரவு’தான் அதற்கான சொல். திருமணமான பெண்கள் தங்களுக்குள் பேசும்போது அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. உங்கள் ஐந்தாம் சுற்றின்படி இந்தியாவில் 18 முதல் 49 வயதுப் பெண்களில் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 6 சதவீதம். அந்த 6 எனக்கு ஒரு அடித்தளமாகத் தெரிகிறதே தவிர அளவாகத் தெரியவில்லை. மனைவி பதினெட்டு வயதைத் தாண்டியிருந்தால் கணவன் செய்வது பாலியல் வல்லுறவு ஆகாது என்று பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் விதிவிலக்கை அப்படியே வைத்துவிட்டார்கள். சட்டம் குற்றமென்று பெயர் வைக்காததை எந்தக் காவல் நிலையமும் அந்தப் பெயரில் எண்ணாது. அரசு தன் வாயால் இதைக் கேட்கும் இடம் உங்கள் கேள்வித்தாள்தான். அந்தக் கேள்வி புரியாமல் போனால், அந்தப் பெண் எந்தக் கணக்கிலுமே இல்லை.

எதை வன்முறை என்று வைத்துக்கொள்வது என்பதும் எண்ணுவதில் சேர்ந்ததுதானே. ராத்திரி பதினொரு மணிக்கு நைட்டியோடு வாசலுக்கு விரட்டிக் கதவைச் சாத்திக்கொள்வதை எந்தக் கேள்வியில் குறிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் அவளைத் தொடக்கூட இல்லை. அவள் விடிகிற வரைக்கும் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்து வீட்டுக்குப் போனால் அதற்கு ஒரு பேச்சு வரும் என்று. சாப்பாட்டுத் தட்டை எட்டி உதைப்பது இருக்கிறது. பெண்டாட்டி பேரில் மகளிர் குழுக் கடன் எடுக்கவைத்து, பணத்தை வாங்கிக்கொண்டு போய், தவணைக்கு அவளை மட்டும் தலைகுனிய விடுவது இருக்கிறது. செல்போனைத் தினமும் பிடுங்கிப் பார்ப்பது இருக்கிறது. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று மகளிர் உரிமைத்தொகை தொடங்கியது. அதை எடுக்கும் ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று ஒரு கேள்வி வைத்தால், பத்துக் கேள்விக்கு வராத பதில் அதில் வரும் என்று தோன்றுகிறது.

இப்போது எண்களுக்கு வருகிறேன்.

உங்கள் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் கணவனின் வன்முறைக்கு ஆளான பெண்கள் 38.1 சதவீதம். நான்காம் சுற்றில் 44.8. குறைந்திருக்கிறது என்று எங்கள் பக்கம் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை, காரணம் உண்டு. ஐந்தாம் சுற்றுக் களப்பணி இங்கே 2020 ஜனவரியில் தொடங்கி, கொரோனா ஊரடங்கில் நின்று, மறுபடி நடந்து 2021-ல் முடிந்தது. புருஷன் வேலைக்குப் போகாமல் கட்டிலில் படுத்திருக்கிற வீட்டில், முகக்கவசம் போட்டுக்கொண்டு ஆறடி தள்ளி நின்று, ‘உங்களை உதைத்தாரா’ என்று எப்படிக் கேட்டிருப்பார்கள்? அந்தக் குறைவில் எவ்வளவு உண்மையான குறைவு, எவ்வளவு மௌனம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நீங்களாவது பிரித்துச் சொல்ல முயன்றிருக்க வேண்டும்.

கர்நாடகத்தைப் பாருங்கள். நான்காம் சுற்றில் 20.6 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 44.4. அங்கே களப்பணி ஊரடங்குக்கு முன்பே முடிந்துவிட்டது, கொரோனா மேல் பழி போடவும் முடியாது. ஐந்து வருஷத்தில் ஒரு மாநிலத்து ஆண்கள் எல்லாரும் சேர்ந்து இரண்டு மடங்கு கெட்டுப்போனார்களா? நான் நம்ப மாட்டேன். முதல் தடவை கேட்டவர்கள் கேட்ட விதமும், இரண்டாம் தடவை கேட்டவர்கள் கேட்ட விதமும் வேறாக இருந்திருக்கும் என்பதுதான் களத்தில் நின்ற என் கணிப்பு. அப்படியானால் முதல் தடவை வராமல் போன பெண்களுக்கு யார் பதில் சொல்வது? கேரளத்தில் 10 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கிறது. அது உண்மையிலேயே குறைவாகவும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் டென்மார்க் பெண்கள் 52 சதவீதம் பேர் வன்முறையைச் சொன்னார்கள், போலந்தில் 19 சதவீதம். வாய் விட்டுச் சொல்ல முடிகிற ஊரில் எண் ஏறும். அதனால் மாநிலங்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடும்போது, பக்கத்திலேயே ஒன்றைச் சேர்த்து அச்சிடுங்கள்: எத்தனை வீட்டில் தனிமை கிடைக்காமல் கேட்காமலே வந்தோம், எத்தனை வீட்டில் கேட்கும்போது யாராவது நடுவில் வந்து நின்றார்கள். முன்பக்கத்தில், அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே.

இன்னொன்று. உங்கள் மாவட்ட அறிக்கையில் இந்தப் பகுதியே கிடையாது. குறைந்த வீடுகளில்தான் கேட்கிறீர்கள் என்பதால் மாநில அளவில்தான் கணக்கு நிற்கும் என்பது புரிகிறது. ஆனால் திருமண வயது, இரத்தசோகை எல்லாவற்றுக்கும் மாவட்ட எண் வந்து, அதை வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் நடக்கும்போது, இதற்கு மட்டும் எண் இல்லை என்றால் இது அந்தக் கூட்டத்தில் பேசுபொருளே ஆவதில்லை.

போலீஸ் கணக்கு இருக்கிறதே என்று சொல்வார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், பெண்களுக்கு எதிரான குற்றங்கள் இந்தியா முழுக்க 4,45,256. அதில் 31.4 சதவீதம் கணவனோ அவன் வீட்டாரோ செய்த கொடுமை. தமிழ்நாட்டில் எல்லா வகையும் சேர்த்து 9,207. உங்கள் 38 சதவீதத்தையும் இந்த 9,207-ஐயும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாநிலத்தைப் பற்றியவை என்று நம்ப முடியுமா? நடுவில் என்ன நடக்கிறது என்று எங்கள் பெண்களைக் கேளுங்கள். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள், நல்ல காரியம்தான். ஆனால் பெரும்பாலும் என்ன ஆகிறது? மனு கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது தருவார்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். ‘இனிமேல் அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். முதல் தகவல் அறிக்கை போடாததால் அது எந்தக் குற்றக் கணக்கிலும் ஏறாது. போட்டாலும், ஒரே அறிக்கையில் பல குற்றம் இருந்தால் மிகப் பெரிய குற்றத்தை மட்டும்தான் எண்ணுவார்கள். வருஷக்கணக்கில் அடித்துக் கடைசியில் கொன்றால், கொலை ஒன்று என்று விழும். அந்த வருஷங்கள் விழாது.

செத்தவர்களின் கணக்கும் இப்படித்தான். ஸ்டவ் வெடித்துவிட்டது என்று சொல்லிச் செத்த பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், என் தலைமுறைக்கு முந்தையவர்களில் இன்னும் அதிகம். 2009-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2001-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயில் இறந்தவர்கள் 1,63,000-க்கு மேல் என்றும், அது போலீஸ் கணக்கைப் போல் ஆறு மடங்கு என்றும், அதில் பெண்கள் சுமார் 1,06,000 என்றும் மதிப்பிட்டார்கள். அதிலும் பெரும்பாலோர் இளம்பெண்கள். அதே அடுப்புப் பக்கம் போகிற கிழவிகள் ஏன் அந்த அளவுக்குச் சாகவில்லை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லையா?

எத்தனை தடவை என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘அடிக்கடியா, எப்போதாவதா’ என்று இரண்டு பெட்டிதான் வைத்திருக்கிறீர்கள். ஒரு பெண் என்னிடம், “வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, சம்பளம் வாங்குற அன்னிக்கு மட்டும்” என்றாள். வருஷத்துக்கு ஐம்பது தடவைக்கு மேல். அவள் சொன்ன தொனி ‘எப்போதாவது’. பிரிட்டனில் குற்ற ஆய்வில், ஒரே ஆள் ஒரே பெண்ணை எத்தனை தடவை தாக்கியிருந்தாலும் ஐந்துக்கு மேல் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஒரு வரம்பு ரொம்பக் காலம் இருந்தது. லான்காஸ்டர் பல்கலைக்கழகத்துச் சில்வியா வால்பியும் அவருடைய சகாக்களும், இந்த வரம்பு பெண்கள் திரும்பத் திரும்ப வாங்கும் அடியைத்தான் மறைக்கிறது என்று எழுதி வந்தார்கள். 2019-ல் அந்த முறையையே மாற்றினார்கள். அங்கே ஐந்தோடு நிறுத்தினார்கள். இங்கே எண்ணவே ஆரம்பிக்கவில்லை. போன மாதம் எத்தனை தடவை என்று கேளுங்கள். பெண்கள் சொல்வார்கள். வெள்ளிக்கிழமையை எண்ணத் தெரியாத பெண்ணா?

கேட்கும் எங்களைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு முடிக்கும் படிவத்துக்கு இவ்வளவு என்று சம்பளம். ஒரு நாளைக்கு ஐந்து முடித்தே ஆக வேண்டும், சூப்பர்வைசர் சாயங்காலம் போன் செய்து எண்ணிக்கைதான் கேட்பார். ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று அழுத்தினால் உள்ளே இன்னும் கேள்விகள் திறக்கும்: எப்போது, காயம் பட்டதா, யாரிடம் சொன்னீர்கள். ‘இல்லை’ என்று அழுத்தினால் அடுத்ததுக்குப் போய்விடும். ஒரு ‘ஆம்’ வந்தால் கடைசி பஸ் போய்விடும் என்ற நிலைமையில், எங்களில் சிலர் கேள்வியையே ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லையே?’ என்கிற தொனியில் வாசிக்கப் பழகிவிட்டார்கள். நானும் இரண்டு மூன்று நாள் அப்படி வாசித்திருக்கிறேன். அந்த நாட்களின் படிவங்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை. இந்தப் பகுதியைக் கேட்பவர்களுக்கு மட்டுமாவது படிவக் கூலியை எடுத்துவிட்டு நாள் சம்பளம் கொடுங்கள்.

அப்புறம் பயிற்சி. எங்களுக்கு ஒரு லாட்ஜ் ஹாலில் நாலு நாள் நடந்தது. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகச் சொன்னார்கள். என் எதிரில் செய்யாறு பக்கத்துப் பெண் ஒருத்தி. கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் கணவர் உங்களை அறைந்திருக்கிறாரா என்று வாசித்தாள். நான் இல்லை என்றேன். அவர் என்னை அறைந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை, கரண்ட் பில் கட்ட மறந்ததற்காக. பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்து நான் கேட்டேன், அவளும் இல்லை என்றாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். சாம்பார் வாளி எங்களைத் தாண்டிப் போன பிறகு, இலையைப் பார்த்துக்கொண்டே, “நீங்க சொன்னது நெஜமாக்கா?” என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

கேட்கப் போகிறவளுக்கே சொல்ல வராத ஒன்றை, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண் முன்பின் தெரியாத எங்களிடம் கால் மணி நேரத்தில் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்க்கிறோம். உங்கள் ஐந்தாம் சுற்றின்படி, அடியோ பாலியல் வன்முறையோ பட்ட பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 சதவீதம். மூன்றாம் சுற்றில் 24 சதவீதமாவது இருந்தது. யாரிடமும் வாயே திறக்காதவர்கள் 77 சதவீதம். அப்படியென்றால் அவள் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொல்வதே உங்கள் ஆளிடமாக இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் கொடுத்துவிட்டு வந்தது ஒரு சோப்பும் ஒரு நன்றியும். பெண்களுக்கான உதவி எண் 181 என்று எழுதிக்கொடுத்தால், ‘இது எதுக்கு உனக்கு’ என்று அதற்கே அடி விழும். 108, 104, 1098 எல்லாவற்றோடும் 181-ஐயும் சேர்த்து அச்சடித்து, ரேஷன் கார்டுக்குள் வைக்கிற அளவில் ஒரு சின்ன அட்டை கொடுங்கள். யார் பார்த்தாலும் ஆஸ்பத்திரி எண் என்று நினைப்பார்கள். பயிற்சியில் முதல் நாள் கேள்வித்தாளைத் திறக்காமல், வந்திருக்கும் பெண்களைத் தங்களுக்குள் பேசவிடுங்கள். என் நோட்டில் எழுதிவைத்த சொற்கள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன, கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

அந்த ஓட்டு வீட்டுக் கதை முடியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். புளியமரத்தடியில் மாமியார் கீரையை ஆய்ந்து முடித்து, காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தார். “முடிஞ்சுதாம்மா?” என்றார். முடிந்தது என்றேன்.

“எங்கிட்ட ஒண்ணும் கேக்கலியே?”

அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். எங்கள் சர்வேயில் நாற்பத்தொன்பதோடு கோடு போட்டுவிட்டார்கள், உங்கள் ஆய்விலும் அதே கோடுதான். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் இந்த வன்முறையை அளக்கும் குறியீடு 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்கள் என்றுதான் சொல்கிறது, மேலே கோடு எதுவும் போடவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் படித்துத் தெரிந்தது. அன்றைக்கு, “உங்க வயசுக்காரங்களுக்கு இல்லைங்கம்மா” என்றுதான் சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசாமல் இடது கை ரவிக்கையை முழங்கைக்கு மேலே ஏற்றிக் காட்டினார். காய்ந்து மஞ்சளாகிப்போன பழைய கன்றல், அதன் ஓரத்தில் புதிதாக ஒன்று. வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, “அது வாங்குறதத்தான் நானும் வாங்குறேன். பெத்தவன்னு பாக்க மாட்டான்” என்றார்.

என் டேபில் அவருக்குக் கேள்வி இல்லை. நோட்டை எடுக்கவும் தோன்றவில்லை. பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது. முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் கூடவே வந்தார். நான் ஏறும்போது, “அடுத்த தபா வரப்ப எனக்கும் ஒரு ஃபாரம் எடுத்தாம்மா” என்றார்.

இப்படிக்கு,
முன்னாள் களப்பணியாளர் ஒருத்தி
திருவண்ணாமலை மாவட்டம்